தாழ்வழுத்த எத்திலீன் சுடர்: மாடல் காட்டும் இடத்தைவிட அளந்த உச்சங்கள் பர்னரிலிருந்து தள்ளி நிற்பது ஏன்?

கொழுந்து31 கேட்டது:

முன்கலந்த எத்திலீன், ஆக்சிஜன், ஆர்கான் தட்டைச் சுடரில் இடைநிலைப் பொருள்களை மூலக்கூற்றுக் கற்றை முறையில் அளக்கிறோம். 60 மி.மீ. விட்டமுள்ள நுண்துளை வெண்கலப் பர்னர், அழுத்தம் 40 மில்லிபார், சமான விகிதம் (முழுமையாக எரியத் தேவையான அளவைப்போல் எரிபொருள் எத்தனை மடங்கு என்பது) 1.7. எத்திலீன் 18.1, ஆக்சிஜன் 31.9, ஆர்கான் 50 விழுக்காடு. மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 5 ஸ்டாண்டர்டு லிட்டர்.

மாதிரி எடுப்பது குவார்ட்ஸ் கூம்பு வழியாக. நுனிக் கோணம் 25 பாகை, துளை 0.4 மி.மீ. அதன் பின் ஸ்கிம்மர் (கற்றையின் நடுப்பகுதியை மட்டும் விடும் இரண்டாவது கூம்பு), பிறகு பறப்புநேர மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பிரிதிறன் 3000 அளவில். இடைநிலைப் பொருள்களுக்கு எலக்ட்ரான் ஆற்றலை 12 எலக்ட்ரான்வோல்ட்டில் வைத்திருக்கிறோம்; ஆர்கான் போன்ற முதன்மைப் பொருள்களுக்கு மட்டும் உயர்த்துகிறோம். வெப்பநிலையை, புரோபை (மாதிரி எடுக்கும் அந்தக் கூம்பை) விலக்கிவிட்டு, சிலிக்கா பூசிய பிளாட்டினம்–ரோடியம் தெர்மோகப்பிளால் எடுத்தோம். அதன் முனையிலுள்ள இணைப்பு மணியின் விட்டம் 100 மைக்ரோமீட்டர். அந்த வெப்பநிலைக் கோட்டை அப்படியே கான்டெரா என்ற சுடர்க் கணிப்பு மென்பொருளில் கொடுத்து, ஆற்றல் சமன்பாட்டை அணைத்து ஓட்டுகிறோம். இயங்குமுறை (வினைகளும் அவற்றின் வேகங்களும் கொண்ட பட்டியல்) முதலில் ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0, இப்போது யு.எஸ்.சி. மெக் 2.

அசெட்டிலீனின் உச்சம் மாடல் சொல்வதைவிட ஏறக்குறைய 1 மி.மீ. தள்ளி வருகிறது. புரொப்பார்கில் (மூன்று கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட ராடிகல்) 1.8 மி.மீ. தள்ளி வருகிறது. பென்சீனின் உச்ச அளவு மாடலைப்போல் இரு மடங்கு. அளவீடுகளை நகர்த்தி ஒப்பிடுவது முறையா? தவறு கருவியிலா, வேதி இயங்குமுறையிலா? அடுத்ததாக இதே பர்னரில் அம்மோனியா கலந்து செய்யும் திட்டம் இருக்கிறது. அதற்கு என்னென்ன மாற்ற வேண்டும்?

அழல்நோக்கி:

இயங்குமுறையைத் தொடுவதற்கு முன்னால் புரோப் எவ்வளவு வாயுவை விழுங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்த எண்களே போதும்.

சுடருக்குப் பிந்தைய பகுதியில் வெப்பநிலை 1900 கெல்வின், சராசரி மூலக்கூறு எடை 29 என்று வைத்துக்கொள்வோம். ஒலிவேகம் நொடிக்கு 840 மீட்டரை ஒட்டி வரும். துளையில் ஓட்டம் ஒலிவேகத்தில் அடைபட்டுப் போவதால், 0.4 மி.மீ. துளை நொடிக்கு ஏறக்குறைய 60 கன செ.மீ. சூடான வாயுவை இழுக்கும். அந்த இடத்தில் சுடர்வாயு நொடிக்கு 6.4 மீட்டர் வேகத்தில்தான் மேலே வருகிறது. வகுத்தால், புரோப் விழுங்கும் ஓட்டக்குழாயின் விட்டம் 3.5 மி.மீ. துளையைப்போல் ஒன்பது மடங்கு. பர்னருக்கு அருகே, 500 கெல்வின் பகுதியில், நிலைமை இன்னும் மோசம்: அங்கே விட்டம் 5 மி.மீ.க்கு மேல் போகும். வாயுவின் வேகம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் குறைகிறது, ஒலிவேகமோ அதன் வர்க்கமூலத்தில்தான் குறைகிறது; அதனால் குளிர்ந்த இடத்தில் உறிஞ்சலின் கை ஓங்குகிறது.

துளையை ஒரு புள்ளி உறிஞ்சியாகக் கருதினால், அதன் இழுப்பும் சுடரின் ஓட்டமும் சமமாகும் தூரம் சூடான பகுதியில் 0.9 மி.மீ., குளிர்ந்த பகுதியில் 1.3 மி.மீ. அளவுக்கு வரும். புரோபின் நுனி நிற்கும் உயரத்து வாயு உங்களுக்குக் கிடைப்பதில்லை. அதற்குக் கீழே, பர்னர் பக்கமுள்ள வாயுதான் கிடைக்கிறது. எனவே எல்லா உச்சங்களும் பர்னரிலிருந்து விலகித் தெரியும். அசெட்டிலீனில் நீங்கள் காணும் 1 மி.மீ. இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி வெப்பநிலை. குவார்ட்ஸ் கூம்பு சுடரிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது, ஓட்டத்தையும் கலைக்கிறது. உங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்ப்பது கலைந்த சுடரை. மாடலுக்கு நீங்கள் கொடுத்திருப்பதோ கலையாத சுடரின் வெப்பநிலையை. இரண்டும் இரு வேறு சுடர்கள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு வேதியியல்மேல் பழி போடக்கூடாது.

கலைந்த சுடரின் வெப்பநிலையை எடுக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. துளை வழியே போகும் மோல் ஓட்டம், வெப்பநிலையையும் மூலக்கூறு எடையையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். பம்பின் வேகம் மாறாதவரை முதல் அறையின் அழுத்தம் அந்த ஓட்டத்துக்கு நேர்விகிதம். ஆக, பர்னரை நகர்த்திக்கொண்டே முதல் அறை அழுத்தத்தைப் பதிவு செய்தால் வெப்பநிலைக் கோடு கிடைத்துவிடும். சுடருக்குப் பின்னால் வெப்பநிலை நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். மூலக்கூறு எடை மாற்றத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் கலவையில் அது 35.3-இலிருந்து 29-க்கு இறங்குகிறது. எரியாத வாயுவை ஆதாரமாக வைத்து இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் 1900 கெல்வினில் 300-க்கு மேல் குறைத்துச் சொல்வீர்கள். வெப்ப எண் விகிதமும் கொஞ்சம் மாறும், அழுத்தமானியின் உணர்திறனும் வாயுவுக்கு வாயு மாறும். அளந்த கலவையைக் கொண்டு இரண்டு மூன்று சுற்று திருத்தினால் நிலைத்துவிடும்.

தெர்மோகப்பிள் பற்றியும் சொல்ல வேண்டும். 40 மில்லிபாரில், 1900 கெல்வினில், மூலக்கூறுகளின் சராசரித் தடையிலாப் பாதை 10 மைக்ரோமீட்டரைத் தாண்டும். உங்கள் மணி 100 மைக்ரோமீட்டர். அதாவது வாயு மணியைத் தொடர்ச்சியான பாய்மமாகச் சூழவில்லை. ரெனால்ட்ஸ் எண்ணும் 0.1-க்குக் கீழே. வளிமண்டல அழுத்தத்துக்கான நஸெல்ட் எண் (வாயுவிலிருந்து மணிக்கு வெப்பம் போகும் அளவு) சூத்திரத்தை அப்படியே போட்டிருந்தால் கதிர்வீச்சுத் திருத்தம் குறைவாக வந்திருக்கும். உண்மையான திருத்தம் பல நூறு கெல்வின் வரை போகலாம். இன்னொன்று, எரிபொருள் மிகுந்த சுடரில் சிலிக்கா பூச்சு நல்லதல்ல. ஒடுக்கும் சூழலில் சிலிக்கான் பிளாட்டினத்துக்குள் இறங்கி உலோகத்தை நொறுங்க வைக்கும், மின்னழுத்தமும் மெல்ல விலகும். அலுமினா அடிப்படையிலான பூச்சுக்கு மாறுங்கள். அதன் உமிழ்திறன் கூடுதல் என்பதால் திருத்தமும் கூடும், ஆனால் அது கணக்கிடக்கூடிய திருத்தம். வசதியிருந்தால் சிறிது நைட்ரிக் ஆக்சைடு சேர்த்து 225 நானோமீட்டர் பக்கத்தில் லேசர் தூண்டு ஒளிர்வு முறையில் அளப்பதே சிறந்தது. ஹைட்ராக்சில் முறை சுடருக்குப் பின்னால் நன்றாக வேலை செய்யும். முன்சூட்டுப் பகுதியில் ஹைட்ராக்சிலே இருக்காது.

பாய்வுக்கணக்கு:

மேலே சொன்னதெல்லாம் சரி. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் "ஸ்டாண்டர்டு லிட்டர்" எந்த வெப்பநிலைக்கு என்பது. 0 பாகை செல்சியஸ் என்றால் உங்கள் நிறைப்பாயம் சதுர செ.மீ.க்கு நொடிக்கு 4.64 மில்லிகிராம். 25 பாகை என்றால் 4.25. மூன்று வாயுக்களும் ஒரே விகிதத்தில் மாறுவதால் சமான விகிதம் அப்படியே 1.7-ஆக நிற்கும், கலவையும் சரியாகவே தெரியும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் வருடக்கணக்கில் ஓடும். மாடலில் மட்டும் சுடரின் இடம் நகர்ந்துவிடும். ஓட்டக் கன்ட்ரோலரின் அளவுத்திருத்தச் சான்றிதழில் ஆதார வெப்பநிலை அச்சிட்டிருக்கும், திரையில் காட்டும் அலகை நம்ப வேண்டாம்.

கன்ட்ரோலரின் அளவையும் பாருங்கள். பொதுவாகத் துல்லியம், காட்டும் எண்ணில் 0.8 விழுக்காடும் முழு அளவில் 0.2 விழுக்காடும் சேர்ந்தது. எத்திலீனுக்கு உங்கள் தேவை 0.905 லிட்டர். அதற்கு 10 லிட்டர் கன்ட்ரோலரைப் போட்டிருந்தால் இரண்டாவது பகுதி மட்டுமே 2.2 விழுக்காடு ஆகிவிடும்.

அடுத்து, உயரத்தின் சுழி. வளிமண்டல அழுத்தத்தில் புரோப் நுனியைப் பர்னரில் தொடவைத்துச் சுழி குறித்திருந்தால் அது செல்லாது. அறையை வெற்றிடமாக்கும்போது வெளிக்காற்று மூடியையும் துருத்திக்குழாயையும் உள்ளே தள்ளும், பர்னர் தாங்கி இடம் மாறும். வேலை செய்யும் அழுத்தத்தில், சுடர் எரிந்து அரைமணி நேரம் ஆன பிறகு, சாளரம் வழியாகத் தொலைநோக்கி வைத்துச் சுழி எடுங்கள். குவார்ட்ஸ் விரிவதை மறந்துவிடலாம். ஆனால் அதைப் பிடித்திருக்கும் எஃகுத் தாங்கி 100 மி.மீ. நீளமிருந்து 100 பாகை சூடேறினால் 0.17 மி.மீ. விரியும். 1 மி.மீ. விலகலைப் பற்றிப் பேசும்போது இது சின்ன எண் இல்லை.

ஆர்கான் என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா? அது வினையில் சேராது. ஆனால் எத்திலீன் உடைந்து மோல் எண்ணிக்கை பெருகுவதால், ஆர்கானின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து சுமார் 41-க்கு இறங்க வேண்டும். சுடருக்குப் பின்னால் கார்பன் மோனாக்சைடு 23, நீர் 16, ஹைட்ரஜன் 14, கார்பன் டை ஆக்சைடு 7 விழுக்காட்டை ஒட்டி வரவேண்டும். 1900 கெல்வினில் நீர்-வாயுச் சமநிலை வைத்துப் போட்ட கணக்கு இது. இதிலிருந்து வெகுவாக விலகினால் வேறு எதையும் பேசிப் பயனில்லை. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்குமான அணு விகிதத்தைச் சுடருக்குப் பின்னால் சரிபாருங்கள். அங்கே 1:2 வரவேண்டும். சுடருக்குள்ளேயே அதே விகிதத்தை எதிர்பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் மற்றவற்றைவிட வேகமாக விரவுவதால் உள்ளே மோல் விகிதம் விலகும். மாறாமல் இருப்பது தனிமங்களின் பாயம்தான்.

கொழுந்து31:

இருவருக்கும் நன்றி. கன்ட்ரோலர்கள் மூன்றும் 0 பாகை ஆதாரம்தான். எத்திலீனுக்கு 2 லிட்டர் கன்ட்ரோலர். சுடருக்குப் பின்னால் ஆர்கான் 41.5 விழுக்காடு வருகிறது, கார்பன்–ஹைட்ரஜன் விகிதமும் 3 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. ஆக்சிஜன் இறங்கும் இடமும் ஆர்கான் இறங்கும் இடமும் மாடலைவிட 1 மி.மீ. தள்ளியே இருக்கின்றன. அசெட்டிலீன் 1.1. புரொப்பார்கில் மட்டும்தான் 1.8. பென்சீனை நேரடியாக அளவுத்திருத்தவில்லை. அயனியாக்கக் குறுக்குவெட்டு விகிதத்தை வைத்து மதிப்பிட்டது.

நிறைக்கோடு:

அப்படியானால் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பொதுவான 1 மி.மீ. என்பது மாதிரி எடுப்பும் வெப்பநிலையும். புரொப்பார்கிலின் மிச்ச 0.7–0.8 மி.மீ. வேறு. அதை இயங்குமுறையின் கணக்கில் எழுதுமுன் அயனியாக்க அறையைச் சந்தேகியுங்கள்.

உங்கள் எலக்ட்ரான் ஆற்றல் 12 என்று கருவி காட்டினாலும், சூடான இழையிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் பரவல் ஏறக்குறைய 1 எலக்ட்ரான்வோல்ட் அகலம். புரொப்பார்கிலின் அயனியாக்க ஆற்றல் 8.67. ஆனால் நிறை 39-இல் வரும் அயனி புரொப்பார்கிலிலிருந்து மட்டும் வருவதல்ல. அல்லீனும் புரொப்பைனும் 11.5 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி ஒரு ஹைட்ரஜனை உதறி அதே அயனியைத் தரும். சூடான வாயுவில் மூலக்கூறுகள் ஏற்கனவே அதிர்வு ஆற்றலோடு வருகின்றன. கற்றை விரியும்போது அது முழுவதும் தணிவதில்லை, எனவே இந்த வாசல் இன்னும் கொஞ்சம் தாழும். 12-இல் வைத்தால் நீங்கள் அளப்பது புரொப்பார்கிலும், நிறை 40 கொண்ட அந்த இரண்டின் துண்டும் சேர்ந்த கலவை. பிரிதிறன் எவ்வளவு இருந்தாலும் இதைப் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே சூத்திரம்.

ஆற்றலை 10.5-க்கு இறக்கி அதே உயரங்களில் மறுபடி எடுங்கள். சைகை பல மடங்கு குறையும், சேகரிப்பு நேரத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். உச்சம் பர்னரை நோக்கி நகர்ந்தால் மிச்ச விலகலுக்குக் காரணம் துண்டாதல். நகரவில்லை என்றால் அப்போது வேதியியலைப் பேசலாம். கூடவே குளிர்ந்த புரொப்பைன்–ஆர்கான் கலவையை 12-இல் விட்டு, நிறை 39-க்கும் 40-க்குமான விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது துண்டாதலின் கீழ் எல்லை.

பென்சீன் இரு மடங்கு என்பதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். குறுக்குவெட்டு விகிதத்தால் மதிப்பிட்ட எண்ணில் இரு மடங்குப் பிழை சாதாரணம். பென்சீன் ஆவியை ஆர்கானில் மில்லியனில் சில நூறு பங்கு வரை கலந்து நேரடியாக அளவுத்திருத்தினால் பிழை 20 விழுக்காட்டுப் பக்கம் வந்துவிடும். இதைச் செய்யத் தடையே இல்லை, குப்பியில் கிடைக்கும் பொருள். அப்போதும் நிறை 78 முழுவதும் பென்சீன் என்று எழுதாதீர்கள். ஃபுல்வீனும் அங்கேதான் இருக்கும். அதன் அயனியாக்க ஆற்றல் 8.36, பென்சீனுக்கு 9.24. எலக்ட்ரான் கற்றையால் இவற்றைப் பிரிப்பது கடினம். ஒத்த சூத்திரமுள்ள பொருள்களைப் பிரிக்க, ஆற்றலைத் துல்லியமாக மாற்றக்கூடிய சிங்க்ரோட்ரான் ஒளி தேவைப்படுவது இதனால்தான். சுடர்களில் ஈனால்கள் இருப்பது 2005-இல் வெளியானபோதும் வழி அதுவே: அசெட்டால்டிஹைடு 10.23-இல் அயனியாகும், அதே சூத்திரமுள்ள ஈனாலான எத்தீனால் அதற்கு ஏறக்குறைய 0.9 கீழே. ஒளியின் ஆற்றலைச் சிறு படிகளில் ஏற்றினால் முதல் படிக்கட்டு எத்தீனாலைத் தனியாகக் காட்டிவிடும். அதுவரை எலக்ட்ரான் அயனியாக்கத்தில் நிறை 44-இல் அந்தச் சூத்திரத்துக்கு வந்த சைகை பொதுவாக அசெட்டால்டிஹைடு கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது.

இன்னொரு சின்ன விஷயம். கற்றையைச் சுழல்தட்டால் வெட்டிப் பின்னணியைக் கழிக்கிறீர்களா? நீரும் பென்சீனும் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பின்னணியில் நாள் முழுக்க வரும்.

அழல்நோக்கி:

அளவீடுகளை நகர்த்தலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நகர்த்தலாம், இரண்டு நிபந்தனையோடு. எல்லாப் பொருள்களுக்கும் ஒரே நகர்வு. அது எவ்வளவு என்று கட்டுரையில் எழுத வேண்டும். அசெட்டிலீனுக்கு 1.1, புரொப்பார்கிலுக்கு 1.8 என்று தனித்தனியாக நகர்த்தினால் அளவீட்டில் இருந்த செய்தியையே அழித்துவிடுகிறீர்கள்.

நகர்த்தாமல் செய்வது அதைவிட மேல். முதல் அறை அழுத்தத்திலிருந்து எடுத்த கலைந்த வெப்பநிலையை மாடலுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் விலகலின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். மிச்சத்தை உறுதிப்படுத்த 0.2 மி.மீ. துளையுள்ள கூம்பால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சைகை கால் பங்காகும், ஆனால் உறிஞ்சலின் எல்லைத் தூரம் பாதியாகும். உச்சங்கள் எங்கே நகர்கின்றன என்பதைக் கொண்டு துளையே இல்லாத நிலைக்கு நீட்டலாம். கூம்பின் கோணத்தை இதற்காக 25-க்குக் கீழே இறக்க வேண்டாம். ஒல்லியான கூம்பு சுடரைக் குறைவாகக் கலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே நீண்ட குறுகலான சுவரில் ராடிகல்கள் மோதி அழியும், நீங்கள் அளக்க வந்ததே அவற்றைத்தான்.

பிறகு வெப்பநிலைக் கோட்டை முழுவதுமாக 50 கெல்வின் ஏற்றியும் இறக்கியும் மாடலை ஓட்டி, ஒவ்வொரு பொருளின் உச்சமும் இடமும் எவ்வளவு மாறுகின்றன என்று அட்டவணை போடுங்கள். அந்தப் பட்டைக்குள் விழும் வேறுபாட்டுக்காக எந்த வினையின் வேக மாறிலியையும் தொடக்கூடாது. புரொப்பார்கில் அந்தப் பட்டைக்கு வெளியே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது அசெட்டிலீனோடு ஒற்றைநிலை மெத்திலீன் சேர்ந்து அதை உண்டாக்கும் வினை, அடுத்து இரண்டு புரொப்பார்கில்கள் சேர்ந்து பென்சீன் பக்கம் போகும் வினை. ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0-ஐ இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 53 பொருள், 325 வினை கொண்ட அது இயற்கை எரிவாயுவுக்காகத் தீட்டியது. அதில் புரொப்பார்கில் என்ற பொருளே கிடையாது.

வெற்றிடக்காவல்:

அம்மோனியா பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போதுள்ள வெண்கலப் பர்னரில் செய்யாதீர்கள். ஈரமும் ஆக்சிஜனும் இருக்கையில் அம்மோனியா தாமிரக் கலவைகளை அரிக்கும், நுண்துளைகள் அடைபட்டுச் சுடர் ஒரு பக்கம் சாயும். துருப்பிடிக்காத எஃகுப் பர்னர் வேண்டும். வழியிலுள்ள பித்தளை இணைப்புகளையும் மாற்றுங்கள். விட்டான் ரப்பர் வளையங்கள் அம்மோனியாவுக்கு ஆகாது, ஈ.பி.டி.எம். அல்லது டெஃப்லான் போடுங்கள். கன்ட்ரோலருக்கு உள்ளே இருக்கும் வளையங்களையும் மறக்க வேண்டாம்.

அம்மோனியா எஃகுச் சுவரில் ஒட்டும். அளவுத்திருத்தக் கலவையை விட்டதும் எண் நிலைக்க நேரம் பிடிக்கும். நிலைத்ததாகத் தோன்றிய பின்னும் இன்னொரு மடங்கு நேரம் காத்திருங்கள். குழாயைச் சூடாக வைத்து, முடிந்தால் உள்பக்கம் சிலிக்கா பூசிய குழாயைப் பயன்படுத்தினால் நேரம் குறையும்.

உங்கள் 3000 பிரிதிறன் எங்கே போதும், எங்கே போதாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நிறை 17-இல் அம்மோனியாவையும் ஹைட்ராக்சிலையும் பிரிக்க 720 போதும். 16-இல் அமினோ ராடிகலையும் மீத்தேனையும் பிரிக்க 1300. 27-இல் ஹைட்ரஜன் சயனைடுக்கும் வினைலுக்கும் 2200, 30-இல் நைட்ரிக் ஆக்சைடுக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் 2400, 28-இல் நைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் 2500. இவை விளிம்பில் இருக்கின்றன, உச்சங்களைப் பொருத்திப் பிரிக்க வேண்டியிருக்கும். 44-இல் நைட்ரஸ் ஆக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் பிரிக்க 3900 தேவை. உங்கள் கருவியால் முடியாது. அயனியாக்க ஆற்றல் 12.89, 13.78 என்று வேறுபட்டாலும் எலக்ட்ரான் பரவலின் அகலம் அந்த இடைவெளியை விழுங்கிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு முக்கியமென்றால் எத்திலீனை விட்டு, கார்பனே இல்லாத அம்மோனியா–ஹைட்ரஜன் கலவையில் தொடங்குங்கள். நைட்ரஜனைத் துல்லியமாக அளக்கவும் அதுவே நல்லது. நீர்க்கும் வாயு ஆர்கானாகவே இருக்கட்டும்.

பம்புக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது? ஏற்றும் கலவையில் ஆக்சிஜன் 25 விழுக்காட்டைத் தாண்டினால் கனிம எண்ணெய் கூடாது. பெர்ஃப்ளூரோ பாலிஈதர் எண்ணெய் வேண்டும். உங்கள் இப்போதைய கலவையிலேயே 31.9 விழுக்காடு இருக்கிறது, சுடர் அணைந்தால் அது எரியாமல் நேராகப் பம்புக்குத்தான் போகும். சுடர் அணைந்ததும் எரிபொருளையும் ஆக்சிஜனையும் தானே மூடும் வால்வு இணைப்பு இல்லாவிட்டால், அம்மோனியாவுக்குப் போகும் முன் அதை முதலில் பொருத்துங்கள். அம்மோனியா கலவை தாழ்ந்த அழுத்தத்தில் எளிதில் அணையும். ஹைட்ரஜன்–ஆக்சிஜன் சுடரில் தொடங்கி, சில நிமிடம் நிலைத்த பிறகு அம்மோனியாவைப் படிப்படியாக ஏற்றி, அதற்கேற்ப ஹைட்ரஜனை இறக்குங்கள். வெளியேறும் வாயுவை நீர்த்த அமிலக் குப்பி வழியாக விட்டு, குப்பிக்கு முன்னால் வெற்றுக் குப்பி ஒன்றையும் வையுங்கள். அம்மோனியா அமிலத்தில் வேகமாகக் கரைவதால் அமிலம் பின்னோக்கிப் பம்புக்குள் ஏறிவிடும்.